டெக்சாஸில் ஒரு சிவப்பு மரம்

டெக்சாஸில் இலையுதிர்காலமே கிடையாது என்று பதினோரு வருடங்கள் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். இர்விங்கில் எங்கள் வீட்டு வாசலில் இருந்த ஓக் மரம் ஜனவரியிலும் பச்சையாகவே நிற்கும். மார்ச் மாதத்தில், எல்லா ஊரிலும் மரங்கள் துளிர்க்கும் நேரத்தில், அது மட்டும் பழைய இலைகளை மொத்தமாகக் கொட்டும். கொட்டும் இலையிலும் நிறம் இருக்காது, காய்ந்த பழுப்புதான். இதெல்லாம் ஒரு மரமா என்று கூட்டிக்கொண்டே திட்டுவேன். என் கணவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

அதற்கு முன் ஒன்பது வருடம் நியூஜெர்சியில் இருந்தோம். கல்யாணமாகிச் சென்னையிலிருந்து வந்து இறங்கியதும் அங்கேதான், எங்கள் பெண் பிறந்ததும் அங்கேதான். அக்டோபரில் அவளை ஸ்ட்ரோலரில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனால் தெரு முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். பிறகு அவருக்கு இர்விங்கின் லாஸ் கோலினாஸ் பகுதிக்கு வேலை மாறியது. "ரெண்டே வருஷம், அப்புறம் திரும்பிடலாம்" என்றார். அந்த இரண்டு வருடம் பதினோரு வருடமாக நீண்டது. வீடு வாங்கினோம். நண்பர்கள் சேர்ந்தார்கள். பின்கட்டில் அவர் வைத்த கறிவேப்பிலைச் செடி, குளிர்காலத்தில் உள்ளே தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும் என்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது.

பெண் மட்டும் திரும்பிப் போனாள். காலேஜில் இடம் கிடைத்தது நியூஜெர்சியில். இது நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அந்த செப்டம்பரில் அவர் கம்பெனியில் நியூஜெர்சி அலுவலகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. இவரைக் கேட்டார்கள். நவம்பர் நடுவில் ஒரு திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேஜையில் விஷயத்தைச் சொல்லிவிட்டு, "நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். அப்படிச் சொல்லும்போதே அவர் கண் ஜன்னல் வழியாகக் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முடிவை என் தலையில் கட்டிவிட்டுப் பின்னால் நான்தான் இழுத்துக்கொண்டு போனேன் என்று ஆகிவிடக் கூடாதே.

"எனக்கு இலை பாக்கணும். இங்க ஒரு மரமாவது ஒழுங்கா சிவக்குதா?" என்றேன்.

"ஏன், பேங்க் வாசல்ல அந்த மரம் ஆரஞ்சா மாறுதே."

"அது மரமா? குச்சி."

"டெக்சாஸ்லயும் மேப்பிள் இருக்கு. நீ பாத்ததில்ல."

"காட்டுங்க. ஒரே ஒரு மரம், நல்லா சிவந்த மேப்பிள், டெக்சாஸ் எல்லைக்குள்ள காட்டுங்க. அப்புறம் நியூஜெர்சின்னு வாயே திறக்க மாட்டேன். காட்டலைன்னா நியூஜெர்சி வரேன்னு அந்தத் திங்கக்கிழமை மெயில் அனுப்பிடணும்."

கோபத்தில் சொன்ன பேச்சு அது. ஆனால் அவர் லேப்டாப்பைத் திறந்துவிட்டார்.

என் கணவரைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எதையும் கணக்குப் போட்டுத்தான் செய்வார், அதிலும் நேரக் கணக்கில் புலி. வேலை பார்க்கும் அறையில் வரிசையாக நான்கு கடிகாரங்கள் மாட்டியிருந்தார்: சென்னை, லண்டன், நியூஜெர்சி, இர்விங். "நம்ம மூணு மணின்னா அவங்களுக்கு எத்தன?" என்று அலுவலகத்தில் யார் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்கும் வழக்கம் எந்த நாட்டில் எந்த வாரத்தில் தொடங்குகிறது என்பதுகூட அவருக்கு மனப்பாடம். இருபது வருடமாக ராத்திரியும் பகலுமாகச் சென்னை டீமோடு பேசிப் பேசி வந்த பழக்கம்.

இரண்டு வாரத்தில் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். டெக்சாஸின் மேற்குக் கோடியில், பாலைவனத்துக்கு நடுவில், குவாடலூப் மலை தேசியப் பூங்கா. அதற்குள் மெக்கிட்ரிக் கேன்யன் என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே ஒரு சிற்றோடைக் கரையில் மேப்பிள் மரங்கள் இருக்கின்றன, நவம்பரில் சிவக்கின்றன. பூங்காவின் இணையதளத்தில் வாரா வாரம் இலை நிலவரம் போடுகிறார்களாம். காலையில் எழுந்ததும் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் துலக்கினார். "பத்து பர்சென்ட் மாறியிருக்கு" என்று பாத்ரூமிலிருந்து குரல் வரும். நான் உதட்டைப் பிதுக்குவேன்.

பதில் சொல்ல வேண்டிய திங்கட்கிழமைக்கு முந்தைய வெள்ளியன்று கிளம்பினோம். இர்விங்கிலிருந்து மேற்கே ஆறரை மணி நேரம் நேர்கோட்டில் ஒரு ஹைவே. பெகோஸ் என்ற ஊரில் இரவு தங்கினோம். எண்ணெய்க் கிணற்று வேலையாட்கள் தங்கும் மோட்டல். வாசலில் சேறு படிந்த பூட்ஸ்கள் ஜோடி ஜோடியாகக் கிடந்தன. காலையில் நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோயிருந்த டிகாஷனைச் சூடு பண்ணிக் காபி கலந்தேன். ஏழரைக்குக் கிளம்புவதாகத் திட்டம். "ஒரே ஒரு சின்ன ஆபீஸ் கால்" என்று லேப்டாப்பைத் திறந்தவர் பத்து மணிக்குத்தான் மூடினார். நான் ஷூ போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு, எதிரில் இருப்பவருக்கு அது நன்றாகவே உறைக்கும்.

வழியில் இருபுறமும் எண்ணெய்க் கிணறுகளும் லாரிகளும்தான். அப்புறம் அவையும் ஓய்ந்து, முழங்கால் உயரப் புதர் தவிர ஒன்றுமில்லாத சமவெளி. பாதி டாங்க் இருக்கும்போதே பெட்ரோல் போட்டுக்கொண்டார். "இனிமே சிக்னல் இருக்காது. போன் சும்மா தேடித் தேடி பேட்டரி தீந்துடும்" என்று இரண்டு போனையும் ஏரோப்ளேன் மோடில் போட்டார். நேரத்தைத் தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அவர் போனில் முன்பே நிறுத்தி வைத்திருந்தார். "எல் பாசோ பக்கம் போனா ஒரு மணி நேரம் பின்னால போகும், அங்க மவுன்டன் டைம். ஆனா இந்த பார்க் இருக்கற மாவட்டம், இந்த கவுன்டி முழுக்க நம்ம இர்விங் மாதிரி சென்ட்ரல் டைம்தான். செக் பண்ணிட்டேன்" என்றார். அவர் செக் பண்ணிவிட்டால் நான் மறுபடி செக் பண்ணுவதில்லை. குடும்பத்தில் வேலைப் பிரிவினை அப்படி.

அப்போது எதிரே மலை எழுந்தது. பாலைவனத்தின் நடுவில் சுவர் வைத்ததுபோல் வெள்ளைப் பாறை. சாலை அதை நோக்கி நேராகப் போனது. பேசாமல் வந்துகொண்டிருந்த நானே "அட" என்றுவிட்டேன். அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். "பாறைதான். இலை இல்ல" என்று சொல்லி வைத்தேன்.

நடைபாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. கேட் நாலரைக்குப் பூட்டப்படும், அதற்குள் வண்டியை வெளியே எடுத்துவிட வேண்டும். அவர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார். கைக்கடிகாரத்தில் மணி பன்னிரண்டு. மனத்துக்குள் கணக்குப் போடுவது உதடு அசைவிலேயே தெரிந்தது.

முதல் ஒரு மைல் எனக்குச் சாதகமாகத்தான் இருந்தது. கூழாங்கல் பாதை, கள்ளி, கத்தாழை, முள். ஒரு இலைகூட சிவப்பில்லை. நான் வேண்டுமென்றே ஒவ்வொரு கள்ளியையும் நின்று ரசித்தேன். "இது மேப்பிளா?" என்று கேட்டேன். "நடம்மா" என்றார்.

அப்புறம் பள்ளத்தாக்கு குறுகியது. பாதை ஓடையைத் தாண்டியது, வற்றிய ஓடை, வெறும் வெள்ளைக் கல். அக்கரையில் ஒரு மரம், பட்டை உரிந்து, உள்ளே தோல் இளஞ்சிவப்பாக வழுவழுவென்று இருந்தது. கையை வைத்தேன், குளிர்ந்திருந்தது. அதன் பெயர் மட்ரோன் என்று அவர் படித்து வைத்ததைச் சொன்னார். இலை பச்சைதான், பட்டைதான் சிவப்பு. "பட்டை கணக்குல வராது" என்றேன். ஆனால் அடுத்த மரத்தையும் தொட்டேன், அதற்கடுத்ததையும். வழியில் ஒரு வால்நட் மரம் முழு மஞ்சளில் நின்றது. இன்னொரு வளைவில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பாலைவனத்தில் இரண்டு மணி நேரம் வந்த பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் நின்றுவிட்டேன். கண்ணாடி மாதிரி தண்ணீர், அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. முழங்கால் வலியும் மறந்துபோயிருந்தது.

இரண்டரை மைல் போனதும் ஒரு பழைய கல் வீடு வந்தது. சுவர், கூரை எல்லாமே கல். வாசலில் கல் மேஜை. எலுமிச்சைச் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் எடுத்தேன். சாப்பிட்டு முடித்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ரெண்டரை" என்றார்.

"அதனால?"

"மேப்பிள் எல்லாம் இதுக்கு அந்தப் பக்கம். இன்னும் அரை மைலாவது போகணும். உன் முட்டிக்குத் திரும்பி நடக்க ஒண்ணே முக்கால் மணி நேரம். இப்பவே கிளம்பினாத்தான் நாலரைக்குள்ள கேட்டத் தாண்ட முடியும்." டிபன் பாக்ஸை மூடிப் பையில் வைத்தார். "என் தப்புதான். காலைல அந்த ஆபீஸ் கால எடுத்திருக்கக் கூடாது. சரி, நீ ஜெயிச்சுட்ட."

நான் ஜெயித்துவிட்டேன். திங்கட்கிழமை மெயில் போகும், கோடைக்குள் நியூஜெர்சி. பெண் இருக்கும் ஊரில், சனிக்கிழமைகளில் அவள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிற தூரத்தில். இலை இலை என்று நான் கத்தினேனே தவிர பெண் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. போனில் ஒருமுறை லேசாகக் கோடி காட்டினேன். அவள் எப்போதும்போல இங்கிலீஷிலேயே பதில் சொன்னாள்: "அம்மா, யூ டோன்ட் ஹேவ் டு மூவ் ஃபார் மீ." நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். அதன் பிறகு நான் இலையையே பிடித்துக்கொண்டேன்.

அப்படி ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. ஆனால் திரும்பி நடக்கத் தொடங்கியதும் எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. முன்னால் போகும் அவருடைய முதுகைப் பார்த்தேன். தண்ணீர், சாதம், எனக்கு ஸ்வெட்டர், என் முட்டிக்குத் தைலம் எல்லாவற்றையும் அவர்தான் சுமந்துகொண்டு வந்தார். ஐந்நூறு மைல் வண்டி ஓட்டியிருக்கிறார். அந்த மரம் வளைவுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பார்க்காமல் ஜெயிப்பதில் எனக்குத் துளியும் சந்தோஷமில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், அழுகையே வந்தது. தூசி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கால் மணி நேரம் நடந்திருப்போம். எதிரே ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி வந்தார்கள். இருவர் கையிலும் ஊன்றுகோல். உள்நோக்கி ஆடி அசைந்து நடந்து வந்தார்கள். என் கணவருக்குப் பொறுக்கவில்லை. அவர்களை நிறுத்தி, கேட் நாலரைக்குப் பூட்டிவிடுவார்கள், இப்போதே மணி இரண்டே முக்கால், இந்த நேரத்தில் உள்ளே போனால் மாட்டிக்கொள்வீர்கள் என்று மிகவும் மரியாதையாக ஆங்கிலத்தில் எச்சரித்தார்.

அந்தம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒன்றே முக்கால்தானே?" என்றார்.

இவர் சிரித்துக்கொண்டே தன் கடிகாரத்தைக் காட்டினார். அந்த ஐயாவும் தன் கடிகாரத்தைக் காட்டினார். அதுவும் ஒன்றே முக்கால். அதோடு விட்டிருக்கலாம். இவர் விடவில்லை. இந்தக் கவுன்டி எந்த நேர மண்டலத்தில் வருகிறது என்று பாறைகளுக்கு நடுவில் நின்று அவர்களுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்தார். அவர்கள் முழுதும் கேட்டார்கள். பிறகு ஐயா சொன்னார்: "கவுன்டி நீங்கள் சொல்வதுபோலத்தான். ஆனால் இந்த மூலையும் பூங்காவும் மவுன்டன் டைமில்தான் ஓடுகின்றன. நாங்கள் வருடா வருடம் வருகிறோம்." அந்தம்மா இவர் தோளைத் தட்டிவிட்டு, "உங்களுக்கு ஒரு மணி நேரம் லாபம்" என்றார். இருவரும் நடையைக் கட்டினார்கள்.

இவர் போனை எடுத்து, வந்ததும் எடுத்த பலகைப் போட்டோவைப் பெரிதாக்கினார். நாலரை என்ற எண்ணுக்குக் கீழே சின்ன எழுத்தில் தெளிவாக இருந்தது, மவுன்டன் டைம் என்று. நான்கு கடிகாரம் மாட்டியவர். லண்டன் நேரம் மனப்பாடமாகத் தெரிந்தவர். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பாறையில் உட்கார்ந்து சிரித்தேன். அவர் பாவம் போல நின்றார்.

"சிரிச்சது போதும், எந்திரி" என்றார். "போலாமா, வேண்டாமா? ஜெயிச்சது ஜெயிச்சதுதான், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வாய மூடிட்டு நடங்க" என்றேன். இந்த முறை நான் முன்னால் நடந்தேன்.

கல் வீட்டைத் தாண்டி, மறுபடி ஓடையைக் கடந்து, இரண்டாவது வளைவில் அந்த இடம் வந்தது. முதலில் தரையைத்தான் பார்த்தேன். பாதையே சிவந்து கிடந்தது. நிமிர்ந்தால் இரு பக்கமும் மேப்பிள் மரங்கள். நியூஜெர்சியில் இருப்பதுபோல வானத்தை முட்டும் மரங்கள் இல்லை. இரண்டு ஆள், மூன்று ஆள் உயரம், பாறையை ஒட்டி நெருக்கமாக வளர்ந்தவை. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையின் மேல் அந்தச் சிவப்பு, இராத்திரி முழுக்க வைத்திருந்து காலையில் கழுவிய மருதாணி நிறம். இடையிடையே ஆரஞ்சு. மேலே வெயில் பட்ட இலைகள் உள்ளுக்குள் விளக்கு வைத்ததுபோல் தெரிந்தன. தண்ணீரில் விழுந்தவை மெதுவாகச் சுற்றிக்கொண்டே போயின. மேலேயோ வெறும் பாலைவனம். பள்ளத்துக்குள் நிழலும் தண்ணீரும் இருக்கும் இந்தக் கொஞ்ச இடத்தில் மட்டும் இவை பிழைத்துக் கிடக்கின்றன.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியவில்லை. அவர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்திருப்பார். ஓர் இலையைக் குனிந்து எடுத்தேன். "பார்க்லேந்து எதையும் எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். "தெரியும்" என்று கையில் வைத்துக்கொண்டேன்.

"சரி, இப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்க. வாக்குன்னா வாக்கு. இங்கயே இருக்கலாம்" என்றேன். மனதார இருந்துவிடலாம் என்றுதான் அந்த நிமிடம் எனக்குத் தோன்றியது.

அவர் ஓடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "நான் மெயில் அனுப்பிட்டேன்."

"என்ன மெயில்?"

"நியூஜெர்சி வரேன்னு. வியாழக்கிழமையே."

"ஏன்?"

"நீ இலைன்னு சொல்ற. அவகிட்ட பேசிட்டு போன வெச்சதுக்கப்புறம் அஞ்சு நிமிஷம் அதையே கைல வெச்சுக்கிட்டு உக்காந்திருக்க. ரெண்டு வருஷமா நான் பாக்கறேன்ல?"

"அப்ப எதுக்கு இவ்ளோ தூரம் என்ன கூட்டிட்டு வந்தீங்க? பந்தயம் எதுக்கு? கேட் மூடிடும்னு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டது எதுக்கு?"

"பதினோரு வருஷம் இருந்த ஊரு. அதத் திட்டிக்கிட்டே நீ கிளம்பினா எனக்கு மனசு கேக்காது. நல்லதா ஒண்ணாவது பாத்துட்டுப் போகணும்னு நெனச்சேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இருபது வருடத்தில் வெளியிடத்தில் நான் அப்படிச் செய்வது அதுவே இரண்டாவது தடவையோ மூன்றாவதோ. இலையைத் தரையில் எடுத்த இடத்திலேயே வைத்தேன். இரண்டே முக்காலுக்கு, அதாவது மலையில் எல்லாருக்கும் இரண்டே முக்காலுக்கு, கிளம்பி எங்கும் நிற்காமல் வேகமாக நடந்தோம். கேட்டைத் தாண்டும்போது பத்து நிமிடம் மிச்சமிருந்தது.

இப்போது நியூஜெர்சியில் இருக்கிறோம். கறிவேப்பிலைச் செடியை வண்டியின் பின்சீட்டில் படுக்க வைத்துக் கொண்டுவந்தார், பாதி பிழைத்தது. அறையில் இப்போது கடிகாரங்கள் ஐந்து. ஐந்தாவதில் ஓடுவது மவுன்டன் டைம். அந்த நேரத்தில் அவருக்கு ஒருவரோடும் வேலை கிடையாது. பெண் சனிக்கிழமைகளில் அழுக்குத் துணி மூட்டையோடு வருகிறாள், சாப்பிடுகிறாள், சோபாவில் தூங்குகிறாள். அக்டோபரில் வாசல் மேப்பிள் சிவந்தது, நான்கு நாள் ரசித்தேன், ஐந்தாம் நாள் முதல் பை பையாக வாரிக் கட்டுகிறேன். முதுகு வலிக்கிறது.

போன வாரம் ஒரு வீட்டு கொலுவுக்குப் போயிருந்தோம். புதிதாக வந்தவர்கள் என்று எங்களை விசாரித்த ஓர் ஆன்ட்டி, "டெக்சாஸா? அங்க என்னம்மா இருக்கு? வெயிலும் ஹைவேயும். இலை கலர் மாறுமா, ஒண்ணா" என்று சுண்டலைக் கையில் கொடுத்தார்.

எனக்குச் சுருக்கென்றது. சுண்டலைக் கீழே வைத்தேன்.

"யார் சொன்னா ஆன்ட்டி? எங்க ஊர்ல மேப்பிள் பாக்கணும்னா பாலைவனத்தத் தாண்டிப் போகணும். தெருவுக்குத் தெரு எல்லாம் நிக்காது" என்று போனை எடுத்துப் படங்களைக் காட்ட ஆரம்பித்தேன்.

ஹாலின் மறுகோடியில் ஆண்களோடு உட்கார்ந்திருந்த அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்க ஊர் என்று நான் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. எழுந்து போய் இன்னொரு கிண்ணம் சுண்டல் வாங்கிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.